முப்பிடாதிக்கு இன்னும் வரவில்லை

இன்னொரு தண்ணீர் பாட்டிலின் மூடியை முப்பிடாதி தானே திருகித் திறந்தாள். வேறு யாரும் திறந்து தரக் கூடாதாம். சீல் உடைகிற சத்தம் அவள் காதில் விழுந்த பிறகுதான் குடிக்க வேண்டுமாம். குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குழியைக் கடந்து, வயிற்றில் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த தண்ணீரோடு போய்ச் சேருகிற வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில், மத்தியான வெயிலில், தடை தாண்டி ஓடும் மூவாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தவள், இப்போது சென்னை மைதானத்தின் கேலரிக்கு அடியில் ஒரு அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் பதக்கத்தோடு உட்கார்ந்து, மூத்திரம் வருவதற்காகக் காத்திருந்தாள். ஜெயித்தவர்களிடம் அதை வாங்கி, ஊக்கமருந்து ஏதும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தவள் எழுந்திருப்பதற்குள் நீல பனியன் போட்ட ஒரு பெண் குனிந்து, "உனக்கு டெஸ்ட் இருக்கும்மா. இனிமே நீ என் கண்ண விட்டு மறையக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் பெயர் ரெபேக்கா. பரிசு மேடைக்குப் பக்கத்தில் ரெபேக்கா, முகம் கழுவப் போனால் ரெபேக்கா, பி.டி. மாஸ்டர் தேவசகாயம் சார் கண் கலங்கி இவள் தலையில் கை வைத்தபோது அதற்கும் சாட்சியாக ரெபேக்கா. இரண்டு தடவை கழிவறைக்குக் கூட்டிப்போய், தானும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே நின்று பார்த்தாள். கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. பெற்ற தாயின் முன்னால்கூட அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்ட முப்பிடாதிக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வெறும் கோப்பையோடு வெளியே வந்தாள். வந்தபோது துணைக்கு உட்கார்ந்திருந்த அம்மா ஏறிட்டுப் பார்த்த பார்வை, பரீட்சையில் பெயிலாகி வந்தவளைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. பெயிலானவளை அம்மா பார்த்ததே கிடையாது, ஆனாலும் அது அப்படித்தான் இருக்கும் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது.

"வரணும் வரணும்னு நினைச்சா வராது. வேற ஏதாவது நினை" என்றாள் ரெபேக்கா. அவளுக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வேறு எதை நினைப்பது? முப்பிடாதி முழங்கையைத் தடவினாள். வேர்வை காய்ந்த உப்பு நறநறத்தது. உடம்பில் இருந்ததெல்லாம் தோல் வழியாகவே போய்விட்டது போலிருக்கிறது. மிச்சம் ஷூவுக்குள் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தடையில் ஏறிக் குழியில் குதித்தபோது புகுந்த தண்ணீர். விரலை அசைத்தால் சளக் என்றது. நல்ல குழி அது, நீலப் பெயின்ட் அடித்து, சரிவு சரியாக வைத்துக் கட்டியது. தென்காசிப் பக்கத்தில் அவள் படிக்கிற கல்லூரியில் இதெல்லாம் கிடையாது. வேதியியல் ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது வெளியே தூக்கிப் போட்ட தேக்குப் பலகைகளுக்குக் கால் அடித்துத்தான் தேவசகாயம் சார் தடை செய்தார். பலகை முழுக்க அமிலம் தின்ற கறுப்புக் கறை. நீளம் தாண்டுகிற மணல் குழியில் மணலை அள்ளி வெளியே கொட்டி, தார்ப்பாய் விரித்து, தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டார். நீளம் தாண்டுகிற பையன்கள் முறைத்துக்கொண்டே திரிந்தார்கள். கோமதி மேடம் அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டார். "என் லேப் பலகை மேல ஏறி மிதிச்சது போதும், கிளாஸுக்கு வா" என்று இவளைக் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு மேடம், இது என் பிள்ள" என்றார் சார். "முதல் செமஸ்டர்ல இருந்து யூனிவர்சிட்டியிலயே முதல் ஆளா வர்றா. என் பிள்ள சார்" என்றார் மேடம். அன்றைக்குச் சாரின் ஸ்டாப்வாட்ச் வேறு நின்றுபோயிருந்தது. மேடம் ஆய்வகத்துக்குப் போய், வினையின் வேகத்தை அளக்க வைத்திருந்த ஸ்டாப்வாட்சை எடுத்து வந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று, அந்த இரண்டு சுற்றுக்கும் நேரம் பார்த்தார். பிறகு இவளை ஈரக் காலோடேயே வகுப்புக்கு இழுத்துப் போனார். அந்த ஈரக் காலின் தடம் மாடிப்படி முழுவதும் விழுந்ததை நினைத்ததும் முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புத்தான் வந்தது.

நாளைக்குக் காலையில் அந்த மேடத்தின் முன்னால் பிராக்டிக்கல் பரீட்சைக்கு நிற்க வேண்டும். எழும்பூரிலிருந்து இன்றைக்கு வண்டி ஏறினால்தான் முடியும். இங்கிருந்து விட்டால்தானே ஏறுவதற்கு. பியூரெட்டில் கரைசலை நிரப்பி, இடது கையால் குழாயை லேசாகத் திருப்ப வேண்டும். ஒரு சொட்டு. நிறுத்தி, குடுவையைச் சுழற்றி, இன்னொரு சொட்டு. அவசரப்பட்டால் நிறம் தாண்டிப் போய்விடும். நிறமே இல்லாமல் கிடக்கிற கரைசலில் ஏதோ ஒரு சொட்டு விழுந்ததும் மெல்லிசாக ஒரு ரோஸ் நிறம் வரும், சுழற்றச் சுழற்ற நிற்கும். அந்த நிறத்தின் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு ஆசை. ரோஸ். அங்கே வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின துணியாக நின்றுவிட்டது. அந்த இருமல் மருந்தும் ரோஸ்தான். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது. போன வாரம் இருமல். ராத்திரியெல்லாம் லொக்கு லொக்கென்று இருமியதில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வந்தாள். இவள் கட்டிலில் சம்மணம் போட்டு நோட்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா மூடியில் ஊற்றி உதட்டருகே கொண்டுவந்தாள். இவள் நோட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வாயைத் திறந்தாள். இனிப்பு, அதன் பின்னால் கசப்பு, நாக்கில் ஒரு குளிர்ச்சி. மறுநாளும் குடித்தாள், அதற்கு மறுநாளும். ஆய்வகத்தில் எந்தப் பாட்டிலைத் தொட்டாலும் எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை லேபிளைப் படிக்கிற பெண். ஜலதோஷ மாத்திரை என்றால்கூட என்னிடம் கேட்காமல் போடாதே என்று தேவசகாயம் சார் எத்தனை தடவை சொல்லியிருப்பார். டெர்ப்யூட்டலின் என்கிற மருந்தை அவளுக்குத் தெரியும். மூச்சுக்குழாயைத் தளர்த்துவது, பாதி இருமல் மருந்துகளில் கிடப்பது, ஓடுகிறவர்களுக்குக் கூடவே கூடாது என்று தடை செய்திருப்பது. அதன் மூலக்கூறைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். அந்த வளையம், அதில் இரண்டு கை, ஒரு நீளமான வால். வரைந்து என்ன? வீட்டு மெஷின் மேலே நிற்கிற பாட்டிலில் அது இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. லேபிளை ஞாபகத்தில் தேடினாள். வெள்ளையில் சிவப்பு எழுத்து. அடியில் பொடிப் பொடியாக என்னவோ. டி என்று ஒரு எழுத்து இருந்தது போலிருந்தது. இருந்ததா, பயத்தில் இவளே எழுதிக்கொள்கிறாளா? அழித்தாள். மறுபடியும் வந்து நின்றது.

வந்ததுமே டாக்டர் கேட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அந்த அம்மாள், "போன ஒரு வாரத்துல மருந்து மாத்திரை ஏதாவது எடுத்தியாம்மா?" என்றார். முப்பிடாதி "இல்ல மேடம்" என்றுவிட்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், அதனால் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. டாக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "சாம்பிள் கொடுத்த பிறகு மறுபடியும் கேப்பேன். நிதானமா யோசிச்சு வை" என்றார். அதைத்தான் யோசிக்கிறாள். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றபோது தேவசகாயம் சார் ரிலே ஓடுகிற பிள்ளைகளோடு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். அவர் வந்திருந்தால் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். திட்டுவார், அப்புறம் என்ன செய்வது என்று பார்ப்பார். எந்தப் போட்டிக்கும் வருகிற அப்பா வந்திருந்தாலும் சொல்லியிருக்கலாம். அப்பா மினி பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்கியபடி விசில் ஊதியவர் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். அதனால் அம்மா வந்தாள். தையலை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு, கல்யாண ரவிக்கைக்கு நாள் கேட்டவளிடம் "என் பிள்ள ஓடப் போறாட்டி, வந்து தைக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மகள் ஓடுவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் கொடுக்கிற பனியன் ஒவ்வொரு வருஷமும் தொளதொளவென்று ஆம்பிளை அளவில் வரும். அம்மா அதைப் பிரித்து, அக்குளைக் குறுக்கி, கழுத்தில் மடிப்பு உறுத்தாமல் உள்பக்கம் பட்டை கொடுத்துத் தைப்பாள். ஓட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த அளவுகள்தான். போன வருஷத்தைவிட இடுப்பு குறைந்திருக்கிறது, தோள் அகன்றிருக்கிறது. "ஏட்டி, நீ ஓடினத நான் எங்க பாத்தேன்" என்றாள் பரிசு வாங்கி வந்ததும். "நீ அந்தக் கட்டையில ஏறித் தண்ணியில குதிக்கும்போதெல்லாம் முந்தானையை மூஞ்சியில போட்டுக்கிட்டேன். பக்கத்துல ஒரு வடநாட்டுப் பொம்பள இருந்தா. நீ எந்திரிச்சு ஓடுனதும் அவதான் என் தொடையில தட்டித் தட்டிச் சொன்னா." அப்படிச் சொன்னவளிடம் எப்படிச் சொல்வது? நீ கொடுத்த மருந்தால் இந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மா சாப்பிட மாட்டாள். மெஷினில் உட்கார மாட்டாள். சாகிற வரைக்கும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொல்லாமல் விட்டால்? மருந்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நாள் ஆகியிருக்கிறது, உடம்பை விட்டுப் போயிருக்கும். போயிருக்குமா? ஒரு பொருள் உடம்பில் பாதியாகக் குறைய எத்தனை நேரம், அதில் பாதி குறைய எத்தனை நேரம் என்று மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்கிற மெஷின்களைப் பற்றி அவளே வகுப்பில் எழுந்து நின்று பேசியிருக்கிறாள். கோமதி மேடம் கை தட்டச் சொன்னார். மைக்கில் இன்றைக்கு இவள் பெயரைச் சொன்ன இந்திக்காரர் முப்பிடாதியை மூன்றாக உடைத்து, எங்கெங்கோ நிறுத்தி, வேறு யாரோ ஒருத்தி ஆக்கிவிட்டார். டெஸ்ட் தப்பாக வந்தால் மட்டும் பேப்பரில் பெயரைச் சரியாகப் போடுவார்கள். தெருவில் பேசுவார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவளை உறுத்தியது வேறு. கடைசிச் சுற்றில் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தபோது, முன்னால் போன பஞ்சாப் பெண்ணின் பின்னல் இப்படியும் அப்படியும் ஆடியபோது, கடைசித் தண்ணீர்க் குழியில் அவள் தடுமாற இவள் தடுமாறாமல் எழுந்தபோது, அந்த நிமிஷம் முழுக்க முழுக்க தன்னுடையதாக இருந்தது. பலகைக் கறை, தார்ப்பாய், ஈரக் காலோடு ஏறிய படி, எல்லாம் சேர்ந்து அந்த ஒரு எட்டில் இருந்தது. இப்போது அதில் ஒரு மூடி ரோஸ் மருந்தும் கலந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பதக்கத்தைக் கழுத்தில் வைத்திருக்க முடியாது. வயிறு கல்லாக இறுகியது. தண்ணீர் போதாமல் இல்லை. வேறு எதுவோ உள்ளே சாத்திக் கிடந்தது. அம்மா குனிந்து, "ஏட்டி, இன்னும் கொஞ்சம் குடிச்சுப் பாரேன்" என்றாள்.

முப்பிடாதி பாட்டிலைக் கீழே வைத்தாள். "மேடம்" என்றாள். டாக்டர் நிமிர்ந்தார். "நான் முதல்ல சொன்னது தப்பு. போன வாரம் இருமல் மருந்து குடிச்சேன். என்ன மருந்துன்னு லேபிள் பாக்கல. டெர்ப்யூட்டலின் இருக்குமோன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. ஆனால் மகளின் குரல் புரிந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அது நான் குடுத்தது டாக்டரம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ படிச்சுக்கிட்டு இருந்தா. நாந்தான் வாயில ஊத்தினேன். எழுதுறதுன்னா என் பேர எழுதிக்கிடுங்க. பேச்சியம்மாள். வீட்டுக்காரர் பேரு கொம்பையா." டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். "உங்க பேரு எழுத இதுல இடம் இல்லம்மா. மருந்தோட பேரைத்தான் எழுதணும்" என்றார் மெதுவாக. "பாட்டில் வீட்ல இருக்கா? போன் பண்ணிக் கேக்க முடியுமா? பேசலாம், படம் மட்டும் எடுக்கக் கூடாது." அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து போனை எடுத்து, அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் ரெபேக்காவிடம் நீட்டினாள். ரெபேக்கா போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவுக்கட்டுக் காலை இழுத்து இழுத்து அப்பா வருவது முப்பிடாதிக்கு இங்கிருந்தே தெரிந்தது. "மக்ளே, ஜெயிச்சிட்டியாமே, சார் சொன்னாரு" என்றார் அப்பா எடுத்ததும். "அது இருக்கட்டும்ப்பா. மெஷின் மேல இருமல் மருந்து இருக்கும், எடுங்க. முன்னால இருக்க பெரிய பேரு வேண்டாம். பக்கவாட்டுல பொடி எழுத்துல 'ஈச் ஃபைவ் எம்.எல்.'னு ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ உள்ளத எழுத்து எழுத்தா வாசிங்க." கண்ணாடியைத் தேடுகிற சத்தம். என்னவோ கீழே விழுந்தது. கத்தரிக்கோலாக இருக்கும். "கிடைச்சிட்டு. இந்தா வாசிக்கேன். முதல் எழுத்து டி."

அறையில் இருந்த நாலு பேரும் போனைப் பார்த்தார்கள். "எந்த டிப்பா? டேபிளுக்கு வர்றதா, டாக்டருக்கு வர்றதா?" என்றாள் முப்பிடாதி. "எனக்கு எல்லாம் ஒரே டி தான் மக்ளே" என்றார் அப்பா. "அடுத்தது இ." டேபிள் டியில் தொடங்குகிற டெர்ப்யூட்டலினுக்கும், டாக்டர் டியில் தொடங்குகிற, தடை செய்யாத இன்னொரு இருமல் மருந்துக்கும் இரண்டாவது எழுத்து அதுதான். அவளுக்குத் தெரியும். டெர்ப்யூட்டலின் என்றால் அடுத்து ஆர் வர வேண்டும். ஆர் என்று அப்பா நாக்கை உருட்டிச் சொல்வார், ஆலங்குளம், ஆழ்வார்குறிச்சி என்று பஸ்ஸில் கூவுகிற குரலில். அந்த ஆரை அவள் காது முன்கூட்டியே கேட்டுவிட்டது. "பொறு, கண்ணாடியில தூசி" என்றார் அப்பா. வேட்டியில் துடைக்கிறார். ஒரு பக்கத்தைத் துடைத்து, மறுபக்கத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். அவசரப்படுத்தினால் இன்னும் ஒரு தடவை துடைப்பார். அம்மாவின் கை இவள் முழங்காலில் வந்து விழுந்தது, சில்லென்று இருந்தது. "அடுத்தது என்னன்னா, இந்தப் பெருக்கல் குறி போடுவாங்கள்லா, அது. எக்ஸ்." முப்பிடாதி மூச்சை விட்டாள். "மேல வாசிங்கப்பா" என்றாள், வேண்டியதில்லை என்றாலும். டி, ஆர், ஓ என்று அப்பா ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். இருமலை அடக்குவது. தடைப் பட்டியலில் இல்லாதது. அடுத்த வரியில் இருந்ததையும் கேட்டாள், அதுவும் சாதாரண ஜலதோஷ மருந்து. அதற்குக் கீழே வெறும் சர்க்கரையும் நிறமும். இந்த அறையில் அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் அது தெரியும். டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதி முடித்து, எழுத்து சரியா என்று அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது. "கெமிஸ்ட்ரியா படிக்கிற?" என்று மட்டும் கேட்டார். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அது ஒண்ணும் செய்யாது. நல்ல மருந்துதான்" என்றாள் முப்பிடாதி. அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். போனில் அப்பா இன்னமும் வாசித்துக்கொண்டிருந்தார். தயாரித்த கம்பெனியின் முகவரிக்கு வந்திருந்தார்.

"போய்ப் பாப்போமா?" என்றாள் ரெபேக்கா. முப்பிடாதி கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்திருந்தது. ரெபேக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தி, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். வயிறு முன்போல் இறுகவில்லை. ஆனாலும் கூச்சம் போகவில்லை. உட்கார்ந்தபடி சுவரில் இருந்த ஓடுகளைப் பார்த்தாள். அந்த வளையம், அதில் இரண்டு கை, வால். வேண்டாம். நாளைக்குப் பியூரெட். அதுவும் வேண்டாம். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அம்மாவை உட்கார வைக்க வேண்டும். அம்மா தூங்கமாட்டாள், மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வருவாள். அப்போது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தாள். "ஸ்ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்ஸ்..." மெதுவாக, விட்டு விட்டு, காலில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு கைக்குழந்தையை மூத்திரம் போக வைக்கச் சொல்வதுபோல. "அம்மா, சும்மா இரி" என்றாள் முப்பிடாதி. சத்தம் நிற்கவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் என்னவோ சொல்ல வந்து சிரித்துவிட்டது கேட்டது. வந்ததிலிருந்து முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் நின்ற ரெபேக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை. "எங்கம்மாவும் இதேதான்" என்று தோள் குலுங்கினாள். முப்பிடாதி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், அடக்க அடக்க வயிற்றிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கேட்காமல், அவளுக்கே தெரியாமல், கோப்பைக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இளஞ்சூடு கைக்குத் தெரிந்தது. கோப்பை கனத்துக்கொண்டே வந்தது. பதக்கம் முன்னால் சரிந்து விழப் பார்க்க, அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டாள்.

ரெபேக்கா குனிந்து கோப்பையில் அளவுக் கோட்டைப் பார்த்தாள். கதவுப் பக்கம் திரும்பி, "போதும்மா, நிறுத்துங்க, கோட்டுக்கு மேலயே வந்துருச்சு" என்றாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் இன்னும் வந்துகொண்டே இருந்தது.